விசிலில் ஒரு விக்கல்

தலைவலி என்றால் லீவு தந்துவிடுவார்கள். காது வலி என்றால் ஏற இறங்கப் பார்ப்பார்கள், ஏனென்றால் என்னை வேலைக்கு வைத்திருப்பதே இந்தக் காதுக்காகத்தான். பட்டாசு ஆலையின் கடைசி மூலையில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, முந்தின நாள் செய்த விசில் குழாய்களில் சிலதைக் கொளுத்தி, ஒழுங்காகக் கத்துகின்றனவா என்று கேட்பேன். காதை அடைத்துக்கொண்டாலும் சத்தம் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விசில் மருந்து மற்ற மருந்துகள் மாதிரி புஸ்ஸென்று எரியாது. குழாய்க்குள் கல் மாதிரி இறுக்கி அமுக்கியிருப்பதால், அடுக்கடுக்காக, துடித்துத் துடித்து எரியும். அந்தத் துடிப்புதான் குழாயின் காலி வாய் வழியாகக் கூச்சலாக வெளியே வருகிறது. எரிய எரிய மருந்து கீழே இறங்கும், காலி இடம் நீளும், கீச்சென்று ஆரம்பித்த கூச்சல் மெல்லத் தடிக்கும். மருந்தின் நடுவில் விரிசல் இருந்தால் தீ அதற்குள் புகுந்துகொள்ளும். அப்புறம் விசில் ஏது, வெடிதான். கொளுத்தியவர் குனிந்திருந்தால் முகம் போய்விடும். விரிசல் சின்னதாக இருந்தால் ஒரு விக்கலோடு தப்பிக்கும். அந்த விக்கலைப் பிடிக்கத்தான் நான்.

அன்று காலை இரண்டாவது குழாய் விக்கியது. பெட்டியில் பச்சை சாக்பீஸ் குறி. அமுக்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு நிறம்; பச்சை என் நாத்தனாருடையது.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். அவர் லாரியோடு ஊர் ஊராகச் சுற்ற, ஒரே அறையில் நாங்கள் இருவரும் ஒரு ஃபேனும். வெயில் காலம் ஆரம்பித்ததும் ஃபேன் யார் பக்கம் திரும்புவது என்று சண்டை வந்தது. "இது என் அண்ணன் வாங்கின ஃபேன்" என்றாள். "உங்க அண்ணனே என்னோடதுதான்" என்றேன். அதோடு பேச்சு நின்றுபோனது. சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் வேலை முடிந்து வந்து, பேசாத ஆளோடு அதே அறையில் புழுங்கிக் கிடப்பது உடம்பைத் தின்றுவிடும்.

அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம், குழாயில் மருந்தை அமுக்கும் பிரஸ் அறை. மருந்து உரசினாலே பற்றிக்கொள்ளும் என்பதால் அறைக்கு ஒரு ஆள்தான், மூன்று பக்கமும் தடித்த சுவர், வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. மற்றவர்கள் பயப்படுகிற அந்த அறைக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போகிற மாதிரி போவாள். நான் விக்கல் என்று சொல்லிவிட்டால் அந்த அறை அவளுக்கு இல்லை.

பக்கத்தில் நின்று கொளுத்திய ஃபோர்மேனுக்கு விக்கல் கேட்கவில்லை. "எனக்கு நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றார்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கேட்டது என் காதா, என் கோபமா? ஒத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தது, ஆனால் அந்தக் குறியைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஒன்று சந்தோஷப்பட்டிருந்தது.

"நான் திரும்பி நின்னுக்கறேன். எல்லாப் பெட்டியிலயும் எடுத்துக் கலந்து கொளுத்துங்க. யாரோடதுன்னு சொல்லாதீங்க" என்றேன்.

சுவரைப் பார்த்து நின்றேன். விக்கல் கேட்ட போதெல்லாம் கையைத் தூக்கினேன். தூக்கும்போதே, இது வேறு யாருடையதாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கடைசியில் திரும்பிப் பார்த்தபோது ஃபோர்மேன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். நான் கை தூக்கியது எல்லாமே பச்சைக் குறி.

அதே பெட்டியிலிருந்து ஒரு குழாயைத் தண்ணீரில் போட்டு, நன்றாக ஊறியபிறகு அட்டையைப் பிரித்தார்கள். உள்ளே மருந்து இரண்டு துண்டாக வந்தது. அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

துண்டுகளைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு பெட்டிக் குழாய்களைச் சட்டத்தில் ஒன்றாக நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக மருந்து போட்டு அமுக்கி, எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்பது பிரஸ் அறைச் சட்டம். பாதியில் விட்டால் மேல்பக்கம் காற்றுப் பட்டு ஆடை கட்டிக்கொள்ளும், பிறகு போடுகிற மருந்து அதோடு ஒட்டாது.

"பாதியில விட்டுட்டு எழுந்திரிச்சியா?" என்றார் ஃபோர்மேன்.

"சாப்பாட்டு மணி அடிச்சதும் எழுந்திரிச்சேன்."

"எத்தனையோ வருஷமா இருக்கே. முடிச்சிட்டு வந்தா சோறு ஓடியா போயிடும்?"

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அண்ணி ஓடிடுவாங்க."

எங்கள் இருவருக்கும் ஒரே டிபன் கேரியர். முன்பெல்லாம் அவள் குழாய்களை முடித்துவிட்டு வரும்வரை மூடியைத் திறக்காமல் காத்திருப்பேன். சண்டைக்குப் பிறகு மணி அடித்ததும் என் பங்கைச் சாப்பிட்டு, மூடிவைத்துவிட்டுப் போய்விடுவேன். அவ்வளவு பெண்களுக்கு நடுவில் அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். "எங்கே உங்க அண்ணி?" என்று யாராவது கேட்பார்கள். அதற்குப் பயந்து, நான் எழுவதற்குள் வந்துவிட ஓடியிருக்கிறாள். நானோ அவளைக் கண்டதும் இன்னும் வேகமாக எழுந்திருக்கிறேன்.

பச்சைக் குறிப் பெட்டிகள் எல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குள் போயின. அவளை லேபிள் ஒட்டும் கொட்டகைக்கு மாற்றினார்கள். நான் ஃபோர்மேனிடம் பேசிப் பார்த்தேன். "நீதானேம்மா கையைத் தூக்கினே" என்றார். தூக்கியது சரிதான். இன்றைக்கு அந்த விக்கல் கேட்டாலும் தூக்குவேன்.

மறுநாள் மணி அடித்தது. எவ்வளவு நேரமானாலும் இன்று காத்திருப்பது என்று முடிவு செய்து, கேரியரைத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு முன்பே அவள் வந்து உட்கார்ந்திருந்தாள். விரலெல்லாம் பசை காய்ந்திருந்தது.

"அதுக்குள்ள வந்துட்டே?" என்றேன். ஃபேன் சண்டைக்குப் பிறகு அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"லேபிளைப் பாதியில விட்டுட்டு வரலாம் அண்ணி" என்றாள். "ஒண்ணும் ஆகாது."

நான் கேரியரை நடுவில் வைத்தேன். மூடி இறுகியிருந்தது. அவள் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, நான் திருகினேன்.