நெட்டையின் இடம்

இறால் உரிக்கும் கூடத்தில் கண்கள் மட்டுமே தெரியும். தலையில் தொப்பி, வாயில் முகமூடி, கழுத்திலிருந்து கணுக்கால்வரை ரப்பர் மேலங்கி. ஐஸ் தண்ணீரிலிருந்து இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகின் கறுப்பு நரம்பை இழுத்துவிட்டுத் தட்டில் போட வேண்டும். பெண்கள் நின்றபடியேதான் இதைச் செய்தார்கள். உட்கார்ந்தால் கை மெதுவாகிவிடும் என்பது மேற்பார்வையாளரின் எண்ணம்.

அன்று காலை நெட்டையின் இடத்தில் நின்றது நெட்டை அல்ல, கேள்வியக்கா.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த பெண்களின் பேறுகாலத்தைப் பற்றி ஆராய்பவர் அவர். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் அந்த ஆராய்ச்சியை விடவில்லை. காலையிலிருந்தே உள்ளே வந்துபோகவும், உணவு இடைவேளையில் பெண்களோடு பேசவும் நிர்வாகம் அனுமதித்திருந்தது. எப்போதும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்ததால் அந்தப் பெயர்.

"டாக்டர்ங்கிறீங்க, ஒரு ஊசி போடத் தெரியலையே" என்று அதே கூடத்தில் வேலை பார்க்கும் நெட்டையின் அண்ணி முதல் நாளே கேலி செய்தாள். "படிச்சு முடிச்சும் படிக்கிறாங்களாம். நல்லவேளை, நாம கல்யாணம் முடிஞ்சும் கல்யாணம் பண்ணிக்கல."

நெட்டைக்கு வயிற்றில் ஏழாம் மாதம். மேலங்கிக்குள் அது தெரியவில்லை. தெரிந்தால் மறுநாள் வேலை இல்லை.

"பரிசோதனைக்குப் போனியாம்மா?" என்று முந்தின நாள் கேள்வியக்கா கேட்டார்.

"எப்பக்கா போறது? ஆஸ்பத்திரி காலையில திறந்து மத்தியானம் மூடிடுறாங்க. அதுக்கு முன்னாடியே நாங்க உள்ள வந்துடுறோம். பொழுது சாஞ்சுதான் வெளிய விடுறாங்க."

கேள்வியக்கா குனிந்து அவள் பாதத்தை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"தலை வலிக்குதா?"

"ரெண்டு நாளா விண்ணு விண்ணுனு தெறிக்குதுக்கா."

"போன தடவையும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள் அண்ணி தணிந்த குரலில். "பிள்ளை தங்கல."

கேள்வியக்கா பேனாவை மூடினார். "நாளைக்குக் காலையிலயே போகணும்."

"ஒரு தலை குறைஞ்சாலும் பேரை அடிச்சிடுவாங்கக்கா."

கேள்வியக்கா அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். "நீயும் நானும் ஒரே உயரம்தானே?"

"ஐயோ! மாட்டிக்கிட்டா உங்க ஆராய்ச்சி என்ன ஆகும்?"

"போனா போகட்டும். பிள்ளை போனா வருமா? மத்தத ஆண்டவன் பார்த்துப்பான்."

விடிந்ததும் உடை மாற்றும் அறையில் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். நெட்டை, கேள்வியக்காவின் உடையைப் போட்டு, துப்பட்டாவால் தலையை மூடி, பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

கேள்வியக்காவின் விரல்கள் சீக்கிரமே மரத்துப்போயின. இறாலின் முள் கையுறையைக் குத்திக் கிழித்தது. அவர் ஒன்றை உரிப்பதற்குள் பக்கத்துப் பெண்கள் ஒரு கைப்பிடியை முடித்திருந்தார்கள். இடப்பக்கத்துக்காரி தன் தட்டில் போட வேண்டியதை அவர் தட்டில் போட்டாள். எதிரே நின்றவளும் போட்டாள். தட்டு நிரம்பிக்கொண்டே வந்தது.

மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றார். "என்ன நெட்டை, கை ஓடலையா இன்னைக்கு?"

கேள்வியக்கா தலையை நிமிர்த்தவில்லை.

"அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு சார்" என்றாள் அண்ணி.

"உனக்கும் கட்டினா தேவலை" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். முகமூடிகளுக்குள் சிரிப்பு அடங்க வெகுநேரமானது.

உணவு இடைவேளையில் நெட்டை திரும்பிவிட்டாள். உடை மாற்றும் அறையில் மூச்சு வாங்கச் சிரித்தாள். "வாட்ச்மேன் எந்திரிச்சு நின்னு கதவைத் திறக்கிறாரு அண்ணி! பின்னாடி யாரோ பெரிய மனுஷங்க வர்றாங்கன்னு நான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்."

"அது கெடக்கு. பிள்ளை எப்படியிருக்கு?"

"துடிப்பைக் கேக்க வெச்சாங்க. தையல் மிஷின் மாதிரி ஓடுது." அவள் கண் நிறைந்தது. "ரத்த அழுத்தம்தான் ஏறியிருக்காம். இப்பவாவது வந்தியேன்னாங்க. மாத்திரை குடுத்திருக்காங்க, ரெண்டு நாள்ல மறுபடியும் வரணுமாம். நிக்கவே கூடாது, இடது பக்கமா படுத்து ஓய்வு எடுக்கணும்னாங்க."

"அப்ப விடுதிக்குப் போய்ப் படும்மா" என்றார் கேள்வியக்கா.

இருவரும் அவரைப் பார்த்தார்கள். "வேலை நேரத்துல விடுதியைப் பூட்டிடுவாங்கக்கா. யாரும் உள்ள படுத்துக்கக் கூடாதுல்ல" என்றாள் அண்ணி.

உடம்புக்கு முடியாதபோது எங்கே படுப்பீர்கள் என்ற கேள்வியை மட்டும் கேள்வியக்கா இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. மெல்லத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். "சரி, சாயங்காலம் வரைக்கும் நான் நிக்கிறேன். ரெண்டு நாள் கழிச்சும் வர்றேன்."

"உங்க கால் வலிக்குமேக்கா?"

"இத்தனை நாளா நாற்காலியில உட்கார்ந்து கேள்வி கேட்ட காலுதானே. கொஞ்சம் நிக்கட்டும்."

அறையின் மூலையில் ஒரு குறுகிய பெஞ்சு இருந்தது. நெட்டை அதில் இடது பக்கமாகப் படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டாள். இரவு வேலைக்காரர்கள் மாட்டிவிட்டுப் போன ஈர மேலங்கிகளை அண்ணி ஒவ்வொன்றாக நகர்த்தி அவளை மறைத்தாள். "தும்மல் வந்தா வாயைப் பொத்திக்கோ. கண்ணை மூடிச் சாமியை நெனச்சுக்கிட்டே தூங்கு, ராசாத்தி."

மணி அடித்தது. சுவருக்கு அப்பால் மேற்பார்வையாளர் விரலை நீட்டித் தொப்பிகளை எண்ணிக்கொண்டு வந்தார். எல்லாத் தலையும் இருந்தது.

மேலங்கியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வீங்கிய பாதத்தின்மேல் விழுந்தது. நெட்டை மூச்சை அடக்கிக்கொண்டு காலை இன்னும் உள்ளே இழுத்தாள்.