அலிபிரியில் எக்ஸ்ரே வாங்கிய பேட்ஜ்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை திருட்டுச் சரக்கு. ஞாயிற்றுக்கிழமை திருப்பதியிலிருந்து சென்னைக்கு வரும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் தன் தோழியோடு போனில் பேசியதை ஒட்டுக்கேட்டேன். "என் பேட்ஜு எக்ஸ்ரே மிஷினுக்குள்ள பூந்து வந்துட்சிடி, வேலை போய்டும் போல கீது" என்றாள். மீதியெல்லாம் என் கைவரிசை. மோகனப்ரியா என்ற பெயர்கூட நான் வைத்ததுதான்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன். "அணு என்பது கண்ணுக்குத் தெரியாத—" சே, ஆறாம் வகுப்புப் பாடம். "நகரிப் பக்கம் ஒரு விடியற்காலையில்—" வேண்டாம். விடிந்தால் சேவல் கூவும், சேவல் கூவினால் நான் நாலு பக்கம் போய்விடுவேன்.

நேரே விஷயம். ஆந்திர எல்லையோரத்து நகரிக்காரி மோகனப்ரியா, கடலோரத்து அணுமின் நிலையம் ஒன்றில் பயிற்சி டெக்னீஷியன். சேர்ந்து மூன்று மாதம். வேலை நேரத்தில் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதை அது பதிந்து வைக்கும். போகும்போது வாசல் ஸ்டாண்டில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போனால் தொலைந்தது. (எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மச்சான் ஒருவர் அப்படியொரு இடத்தில் கேன்டீனில் இருக்கிறார்.)

வெள்ளிக்கிழமை, ஊருக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்தில், மோகனப்ரியா அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

3

மகளுக்குப் பயிற்சியில் இடம் கிடைத்தால் மொட்டை போடுவதாக நைனா தனசேகர் வேண்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை இருவரும் திருமலைக்குப் புறப்பட்டார்கள். மலையடிவாரத்து அலிபிரி சோதனைச்சாவடியில் பையை எக்ஸ்ரே மிஷின் பெல்ட்டில் வைத்தாள். அந்தப் பக்கம் போய் எடுத்து, தரிசன டிக்கெட்டுக்காகக் கையை விட்டால்—

"ஐயோ நைனா! என் பேட்ஜு!"

"இன்னா ஆச்சி?"

"எக்ஸ்ரேல போய்ட்சி! நான் வாங்காத கதிரு என் பேர்ல ஏறிடும்!"

"சாமி பாக்கத்தானே வந்துகீறோம். அதுவும் பாத்துட்டு வரட்டும், வா."

"வெளாடாத நைனா! ஊட்டுக்கு எடுத்தாந்தேன்னு தெரிஞ்சா தொரத்திடுவாங்கோ!"

"பதண்டி, பதண்டி!" என்று காவலர் இருவரையும் நகர்த்தினார்.

நியாயமாக அவளுக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. மலைப்பாதையில் பஸ் திரும்பிய ஒவ்வொரு வளைவிலும் சிரித்தாள். (அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். கேட்கவில்லை அந்தப் பெண்.) மொட்டைத் தலையோடு நைனா வெளியே வந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டது. உள்ளுக்குள் பயம்தான். அத்தனை பயம்.

4

முடிவு அ: திங்கட்கிழமை காலை, சத்தமில்லாமல் பேட்ஜை ஸ்டாண்டில் மாட்டிவிடுகிறாள். யாருக்கும் தெரியாது. (பை சோதிக்கும் மிஷினின் கதிர் ரொம்பக் கொஞ்சம், பேட்ஜில் தெரியாமலே போகலாம். விசாரித்துவிட்டேன்.) சுபம். எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

ஆனால் எழுத வரவில்லை. "மோகனப்ரியா கையை உயர்த்தி—" என்று மூன்று முறை ஆரம்பித்தேன். கை உயரவில்லை. இன்றைக்கு இதை மறைத்தால், நாளைக்கு நிஜமாகவே ஏதாவது ஆகும்போதும் மறைக்கத்தான் தோன்றும் என்று அவள் நினைத்தாள். அப்படி ஒருத்தி அந்த இடத்தில் இருக்கவே கூடாது என்றும் நினைத்தாள்.

முடிவு ஆ: பாதுகாப்பு அதிகாரி அம்சவேணி மேடம் அவள் முதுகில் தட்டிக்கொடுத்து— சினிமா.

முடிவு இ: மேடம் ஒரு கடிதத்தை நீட்டி, "நீ வீட்டுக்குப்—" என்னால் ஆகாது சாமி.

5

மாதவரத்தில் பஸ் நின்றதும் அந்தப் பெண் இறங்கிப் போய்விட்டாள். திங்கட்கிழமை என்ன ஆனது என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் அம்சவேணி மேடத்தைக் கதையிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்டேன். நாற்காலி காலி. நீங்கள் உட்காருங்கள்.

கதவைத் தட்டுகிறாள். முகம் வெளுத்திருக்கிறது, உதட்டோரம் அடக்க முடியாத சிரிப்பு வேறு. பேட்ஜை உங்கள் மேஜைமேல் வைக்கிறாள்.

"மேடம், ஒரு தப்பு பண்ட்டேன். நானே வந்து சொல்லிடணும்னு தோணுச்சி."

அவள் வேலை உங்கள் கையில் இருக்கிறது. ஏதாவது சொல்லுங்கள், பாவம், நின்றுகொண்டே இருக்கிறாள்.