நாற்பத்திரண்டாவது பறவை

அறிக்கையின்படி எங்கள் ஊரில் ஆள் கிடையாது. ஆடு இருக்கிறது, ஓணான் இருக்கிறது, நாற்பத்திரண்டு வகைப் பறவை இருக்கிறது. ஆள் இல்லை.

காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் கணக்கெடுக்க வந்தது பங்குனி உத்திரத்தன்று. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் எவன் வீட்டில் இருப்பான்? அவனவன் குடும்பத்தோடு வேன் பிடித்துச் சாஸ்தா கோயிலுக்குப் போய்விட்டான். பூட்டிய கதவுகளைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்: மனித நடமாட்டம் இல்லை.

அதனால் நாற்பத்தேழாம் நம்பர் காத்தாடி என் வீட்டுக்குள் வருகிறது. கரண்டு எடுக்கிற காத்தாடி. அடுப்படியில் சிவப்புக் கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். என் பெண்டாட்டி ஆவுடைத்தாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்துதான் சோறு பொங்குகிறாள்.

நான் நாலாங்கிளாஸ். அச்சடித்த காகிதத்தை நம்பக் கூடாது என்கிற அளவுக்குப் படிப்பு உண்டு.

கருத்துக் கேட்புக் கூட்டம் என்றார்கள். புறப்பட்டேன். வழியில் பூலுடையார் நின்றான். பக்கத்துக் காட்டுக்காரன். சம்மதக் கையெழுத்துப் போட்ட மறுநாளே காத்தாடி ஆகிவிட்டான். முந்நூறு அடி உயரம், மூன்று கை.

“என்னவே உச்சிமாகாளி, அங்க போயி என்னத்தப் பேசப்போறீரு? கையெழுத்தப் போட்டுட்டு வந்து நில்லும். மேல காத்து சுகமா வருது.”

“ஒம்ம பொஞ்சாதி என்ன சொல்லுதா?”

“ஒண்ணுஞ் சொல்லல. மத்தியானச் சோத்துக்குத்தான் ஏணி பத்தல.”

“நல்லா வேணும்.”

“ஊருக்கு ரோடு வருதுவே. ஊரே சம்மதிச்சாச்சு. நீரு ஒருத்தரு கெடுக்காதயும்.”

“ஊர்ல ஆளே இல்லைன்னுல்லா எழுதிருக்கான். பொறவு எவன்வே சம்மதிச்சான்?”

பூலுடையார் மூன்று கையையும் சுற்ற ஆரம்பித்தான். காற்று வந்துவிட்டது. காற்று வந்தால் அவனுக்கு வேலை.

கூட்டம் கல்யாண மண்டபத்தில். வாசலில் நின்று பார்த்தபோது மேடை பத்து வரிசை தள்ளி இருந்தது. பத்து வரிசை நடந்தேன். இன்னும் பத்து வரிசை இருந்தது. நடுவில் இரண்டு இடத்தில் டீ கொடுத்தார்கள். டீ நன்றாக இருந்தது. அதனால் சந்தேகம் கூடியது.

கையெழுத்துப் போட்டவர்கள் இடது பக்கம், போடாதவர்கள் வலது பக்கம். எல்லாம் அண்ணன் தம்பிகள்தான். மின்விசிறிக் காற்றைக்கூட அளந்து நடுவில் கயிறு கட்டியிருந்தார்கள்.

ஒருவழியாக மேடைக்கு வந்தேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க யாரு?”

“உச்சிமாகாளி.”

அறிக்கையைப் புரட்டினார். “இல்லையே.”

“முன்னாடி நிக்கேன்லா?”

“நிக்கறது வேற, பெரியவரே. இருக்கணும்னா இதுல இருக்கணும்.”

“அப்ப எழுதும்.”

“ஆள் பக்கம் முடிஞ்சிருச்சு. பறவைல ஒரு இடம் காலி. நாப்பத்திரெண்டுன்னு போட்டுட்டோம், எண்ணினா நாப்பத்தொண்ணுதான் வருது.”

“பறவைன்னா வீட்ட இடிப்பீரா?”

“கூட்டை யாரும் தொடக் கூடாது. முந்நூறு மீட்டருக்குள்ள காத்தாடியே வைக்க முடியாது.”

“மனுசனுக்கு எத்தன மீட்டர்?”

“அந்தப் பக்கந்தான் முடிஞ்சிருச்சுன்னு சொன்னேனே.”

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பறவைக்கு அது செல்லாது என்றார். கால் பெருவிரலில் மை தடவி வைத்தேன்.

பிறகு மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் பேசினேன். பங்குனி உத்திரத்தைச் சொன்னேன், அடுப்படிக் கல்லைச் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வியும் கேட்டேன். வலது பக்கம் கை தட்டினார்கள். இடது பக்கம் ‘சூ, சூ’ என்று விரட்டினார்கள். மேடையில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவன் நோட்டை எட்டிப் பார்த்தேன். ‘பறவை ஒன்று சத்தமிட்டது’ என்று இருந்தது.

இறங்கும்போது அதிகாரி கூப்பிட்டார்.

“இருபத்தெட்டாம் நாள் வந்து பார்ப்போம். முட்டை இருந்தா கூடு. இல்லைன்னா கைவிட்ட கூடு. கைவிட்ட கூட்டை எடுத்துரலாம்.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஆவுடைத்தாய் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“மனுசனா ரெண்டு வார்த்த பேசிட்டு வாங்கன்னு அனுப்புனா, முட்டைக்கு ஒத்துக்கிட்டு வந்திருக்கீய.”

“வீடு தப்பிச்சுல்லா?”

“கடையில ரெண்டு வாங்கி வச்சிருவமா?”

“பறவை எண்ணுத பயலுவ. கண்டுபிடிச்சிருவான்.”

“எக்கேடும் கெடுங்க. என்னைய இதுல இழுக்காதிய.”

அடுக்களை மூலையில் வைக்கோலைப் பரப்பி உட்கார்ந்தேன்.

இன்றைக்கு இருபத்தேழாம் நாள். அடியில் கதகதப்பாக, உருண்டையாக ஏதோ இருக்கிறது. காலையிலிருந்து லேசாகத் தட்டவும் செய்கிறது.

“எந்திச்சுத்தான் பாருங்களேன்,” என்றாள் ஆவுடைத்தாய்.

மாட்டேன் என்றேன். சூடு போய்விடும்.

அவள் உலையை இறக்கி வைத்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“தள்ளி உக்காருங்க,” என்றாள். “அந்தப் பக்கம் ஆறிப்போயிரும்.”