நனைந்த காலர்

வேதாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். ஏழரைக்குள் டிபன் கட்டி, மகளைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கொண்டாப்பூர் முனையில் ஆபீஸ் கேபைப் பிடிக்க ஓடுகிற எவளுக்குத்தான் வராது? ஆனால் அவ்வளவும் ஏழு வயது மஹதியின் தலையில்தான் விடிந்தது. சாயங்காலம் வரும்போது யூனிஃபார்ம் காலரின் வலது பக்கம் பிசுபிசுவென்று நனைந்திருக்கும்.

"கழுதை வயசாச்சு, இன்னும் எச்சில் ஒழுகவிட்டுக்கிட்டு!" என்று முதுகில் ஒன்று வைப்பாள். இரண்டு வருஷமாக இதே கதை. போன மாதம் எல்.கே.ஜி. பிள்ளைக்குக் குத்துகிற மாதிரி காலரில் கைக்குட்டையை ஊக்கால் குத்தி அனுப்பினாள். வகுப்பே சிரித்ததாம்.

இந்த வாரம் கழுத்து வீங்கிக் காய்ச்சல் வந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் நஸ்ரின், ஆம்பூர்க்காரர், வலது கழுத்தடியில் மெல்ல அழுத்தினார். வேதா மச்சம் என்று நினைத்திருந்த புள்ளியிலிருந்து ஒரு சொட்டு நீர் எட்டிப் பார்த்தது.

"இது எச்சில் இல்லம்மா. வயித்துல அஞ்சு வாரக் கருவா இருக்கறப்ப கழுத்துல ரெண்டு பக்கமும் மடிப்பு மடிப்பா இருக்கும். அப்புறம் எல்லாம் மூடிக்கும். இவளுக்கு ஒண்ணு சரியா மூடல, தொண்டையிலேர்ந்து அந்த வழியா கசியுது. மாத்திரையில வீக்கம் வத்தட்டும், ஆபரேஷன்ல எடுத்துடலாம். நீங்க ஒரு தப்பும் பண்ணல, மனசை அலட்டிக்காதீங்க."

தப்பு பண்ணலையாமே! கர்ப்பம் என்றே சரியாகத் தெரியாத நாட்களில் நடந்ததற்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது. முதுகில் வைத்த அடிகளுக்கு யாரிடம் கேட்பது?

"நேனு காதா, டாக்டர்?" என்றாள் மஹதி. 'நான் காரணம் இல்லையா' என்கிறாள்; பயந்தால் அவளுக்கு இந்த ஊர்த் தெலுங்குதான் வரும்.

"நீ இல்லடா கண்ணு. நீ ஒண்ணுமே பண்ணல."

"அப்ப ஸ்கூல்ல தண்ணி குடிக்கலாமா?"

வேதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் நிரம்பியபடியே திரும்பி வந்த வாட்டர் பாட்டில்! குடித்தால் காலர் நனையும் என்று குழந்தை பகலெல்லாம் தொண்டை வறண்டு கிடந்திருக்கிறது. குடிக்காததற்கும் தனியாக அடி விழுந்திருந்தது.

வெளியே பெஞ்சில் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாதான்டி தப்பு பண்ணிட்டேன். உன்னை அடிச்சிருக்கவே கூடாது. பாவி நான்." சொல்லிவிட்டு அழுதாள்.

மஹதி பையிலிருந்து வாட்டர் பாட்டிலை எடுத்தாள். திறந்து மடக் மடக்கென்று பாதி குடித்தாள். பிறகு காலரைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். சட்டென்று நகர்ந்து, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.