கழுத்தில் பூசிய எலுமிச்சை

தென்காசியில் உமாதேவியின் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஆள் ஒருத்திதான் உண்டு. அவள் ரூபி. குற்றாலம் அருவிச் சாலையில் சென்ட் கடை வைத்திருப்பவள். சரக்கு எடுக்க வந்தால் லேசில் கிளம்பமாட்டாள். அடுப்படி வரை வந்து சட்டியைத் திறந்து, “ஒத்த ஆளுக்கு எதுக்குட்டி இம்புட்டு ரசம்?” என்று கேலி பேசுவாள். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பெரிய வீட்டில் கேட்கிற சிரிப்பு அது ஒன்றுதான்.

உமாதேவிக்குத் தொழில் வாசனை கலப்பது. சாம் என்பவனின் சின்னக் கம்பெனிக்குப் புதுப்புது சென்ட் உருவாக்கிக் கொடுப்பாள். ரூபி கடைக்கு வேண்டிய பாட்டில்கள் இந்த வீட்டிலிருந்துதான் போகும். காகிதப் பட்டையை நனைத்து மோந்து பார்ப்பாள். சரியில்லை என்றால் மறுபடி கலப்பாள். இந்த சீசனுக்கு அவள் செய்தது ‘சாரல்’. வெட்டிவேர், ஏலம், அதற்கு மேல் புளியங்குடி எலுமிச்சைத் தோலைப் பிழிந்த எண்ணெய்.

மோந்து பார்த்த சாம் உதட்டைப் பிதுக்கினான். “அக்கா, கடைக்கு வாறவன் ரெண்டு மூச்சுதான் இழுப்பான். அதுலயே விழுந்துரணும். எலுமிச்சையக் கூட்டுங்க.”

“பிழிஞ்ச எண்ணெய் தம்பி. ஜாஸ்தியாப் பூசிட்டு வெயில்ல போனா தோலு வெந்து கறுத்துரும். காய்ச்சி வடிச்சதுன்னா பயமில்ல.”

“அதுல இந்தத் தூக்கல் வராதுல்லா? சீசன்ல குத்தாலத்துல வெயில் எங்கக்கா இருக்கு? இயற்கைப் பொருள்தான, என்ன செஞ்சிரும்?”

மாட்டேன் என்றால் அவன் வேறு ஆளைப் பிடிப்பான். பிறகு ரூபி எதற்கு இந்த வாசல்படி ஏறப் போகிறாள்? உமாதேவி வாயை மூடிக்கொண்டு எலுமிச்சையைக் கூட்டினாள். ‘முழுக்க இயற்கை, பக்க விளைவு இல்லை’ என்று சாம் அச்சடித்து ஒட்டினான்.

‘சாரல்’ விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. ரூபி தன் கழுத்திலேயே தாராளமாக அடித்துக்கொண்டு கடை வாசலில் நின்று, “என் மேல வருதுல்லா அண்ணாச்சி, அதுதான் சாரல்!” என்று கூவிக் கூவி விற்றாள்.

திடீரென்று மழை ஓய்ந்து வெயில் கொளுத்தியது. கொஞ்ச நாளில் ரூபி வருவது நின்றது. சரக்கெடுக்க யாரோ ஒரு ஆட்டோக்காரர் வந்தார். போன் அடித்தாலும் எடுக்கவில்லை. பேச ஆளில்லாமல் உமாதேவிக்குத் தன் குரலே மறந்துவிடும் போலிருந்தது. பொறுக்கமாட்டாமல் குற்றாலத்துக்கு பஸ் ஏறிவிட்டாள்.

ரூபி கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு கடைக்குள் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள்.

“கிட்ட வராதட்டி!” என்று கத்தினாள். துண்டை விலக்கிக் காட்டினாள். சென்ட் வழிந்த தடமெல்லாம் கருப்புக் கோடாக இறங்கியிருந்தது. “என்னமோ சீக்குன்னு பேசுதாவ. பக்கத்துக் கடைக்காரி புள்ளையத் தொட விடமாட்டேங்கா. ஒனக்கும் ஒட்டிரக் கூடாதுன்னுதான் வரல.”

பார்த்ததுமே உமாதேவிக்குத் தெரிந்துவிட்டது, இது எலுமிச்சை எண்ணெயின் வேலை. வெயிலால் வந்தது, டாக்டரைப் பார் என்று சொல்லிவிட்டால் போதும். ரூபி எப்போதும் போல வீட்டுக்கு வந்துகொண்டிருப்பாள். ஆனால் அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை.

“சீக்கில்ல ரூபி. ஒட்டாது. சாரல்ல நான் கூட்டின எலுமிச்சை எண்ணெய், வெயில் பட்டு இப்படிச் செஞ்சிருக்கு. வா, தோல் டாக்டர்ட்ட போவோம்.”

“தெரியாமப் போட்டியா?”

“தெரிஞ்சுதான்.”

ரூபி துண்டை மறுபடி கழுத்தில் இறுக்கிக் கட்டினாள். அந்த நேரம் பார்த்து, கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து சாரல் பாட்டிலை எடுத்தாள். “இயற்கைதான? புள்ளைக்கும் லேசாப் பூசலாம்லா?”

உமாதேவி பாய்ந்து பாட்டிலைப் பிடுங்கினாள். “வேண்டாம்மா! இதக் கலந்தவளே நான்தான். இயற்கைன்னு எழுதி ஒட்டிட்டா கேடு இல்லாமப் போயிராது. என்ன கலந்திருக்கு, பூசிட்டு வெயில்ல போலாமான்னு சொல்லாத பாட்டில யார் குடுத்தாலும் வாங்காதீங்க. நான் குடுத்தாலும் வாங்காதீங்க.”

அந்தப் பெண் மிரண்டு போய்விட்டாள்.

ரூபி எழுந்து அலமாரியிலிருந்து சாரல் பாட்டில்களை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினாள். உமாதேவியின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

“சாமுக்குப் போனப் போடு. வித்ததையெல்லாம் திரும்ப வாங்கச் சொல்லு. நீ வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, என் கழுத்தும் தப்பியிருக்கும், வாங்கினவங்களும் தப்பியிருப்பாவ. தெரிஞ்சவ வாய மூடிக்கிட்டா, அதுவும் பொய் சொன்ன மாதிரிதான். மொதல்ல அவங்களுக்கு உண்மையச் சொல்லு. நாம பேசணுமா வேண்டாமான்னு பொறவு பாப்போம்.”

உமாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமை அழைத்தாள்.