பதினோரு சீட்டுகள்

“கட்டத்துக்குள்ள எழுது. வெளிய போனா செல்லாதுன்னு ஊருக்கே பாடம் எடுத்தவன் நீ,” என்று சொல்லிக்கொண்டே மியூரியல் கீழே விழுந்த பேனாவை மூன்றாவது முறையாக எடுத்துக் கொடுத்தாள்.

எட்வின் ஹார்ட்லி பேனாவை விரல்களுக்கு நடுவில் பொருத்திக்கொண்டார். மடியில் வைத்த தேநீர்த் தட்டின் மேல் தபால் ஓட்டுப் படிவம் இருந்தது. பிறந்த தேதியை எழுதி முடிக்கவே கால்மணி நேரம் ஆகியிருந்தது. இனிக் கையெழுத்து. அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு ஒரே இழுப்பில் போட்டார். கோடு கட்டத்தின் ஓரத்தைத் தொட்டது, தாண்டவில்லை.

“செல்லும்,” என்றாள்.

“செல்லும்,” என்றார் அவரும். “இப்ப ஓட்டுச் சீட்டக் குடு. பேனா வேணாம், பென்சில். அப்புறம் நீ அந்தப் பக்கம் திரும்பு.”

“நாப்பத்தொம்போது வருஷம் குடும்பம் நடத்தியாச்சு. யாருக்குப் போடுவேன்னு எனக்குத் தெரியாதா?”

“ரகசிய ஓட்டு, மியூரி. திரும்பு.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாடிப்படி ஏற முடியாமல் போனதிலிருந்து கட்டில் முன்னறையில்தான். தெருவுக்கு எதிர்ப்பக்கம் தேவாலயத்தின் பள்ளிக்கூடம். அதன் இரும்புக் கதவில் ‘வாக்குச்சாவடி’ என்ற அட்டை காலையிலிருந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் செய்வது முன்னறைத் திரையை இழுத்து மூடுவதுதான். அதனால் எட்வின் நேற்றே சொல்லிவிட்டார். “நான் போறதுக்கு முன்னாடி எவனும் தெரையில கை வெக்கக் கூடாது. ஓட்டுப் போட வர்றவங்கள நான் பாக்கணும்.”

காலையில் வந்த நர்ஸ் வாசலில் நின்று குரலைத் தாழ்த்தி, “இன்னிக்கு, இல்லன்னா நாளைக்கு, மிசஸ் ஹார்ட்லி,” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மகள் ஹிலரி கனடாவிலிருந்து கிளம்பிவிட்டாள். நாளைக் காலைதான் வந்து சேருவாள்.

“ஆச்சு,” என்றார் எட்வின். சீட்டை அவரே மடித்திருந்தார். அவள் உறைக்குள் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

“சீட்டுல நம்ம தொகுதி ஆல்டர்டேல் பேரே இல்ல, பாத்தியா?” என்றார் எட்வின்.

“பாத்தேன்.”

“பாதியை அந்தப் பக்கம், பாதியை இந்தப் பக்கம் சேத்துட்டாங்க. எனக்கு முன்னாடியே தொகுதி போயிருச்சு. நியாயமாப் பாத்தா நான்தான் அதுக்கு இரங்கல் கூட்டம் போடணும்.”

சிரிக்கப் போனவருக்கு வலி வந்துவிட்டது. கண்களை மூடிக்கொண்டார். வலி வந்தால் மற்றவர்கள் ஜெபம் சொல்வார்கள். எட்வின் ஆல்டர்டேல் தொகுதியின் தேர்தல் முடிவுகளை, வருடம், கட்சி, ஓட்டு வித்தியாசம் என்று சொல்வார்.

“நாப்பத்தஞ்சு, லேபர், ரெண்டாயிரத்து நூத்திப் பதினொண்ணு. அம்பது, கன்சர்வேட்டிவ், எண்ணூத்தி நாலு. அம்பத்தொண்ணு, கன்சர்வேட்டிவ்…”

“ஆயிரத்து முன்னூத்தி அறுபது,” என்று எடுத்துக் கொடுத்தாள். ஒரு துணியைத் தேநீரில் நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள்.

அம்பத்தஞ்சு, அம்பத்தொம்பது, அறுபத்திநாலு, அறுபத்தியாறு. எழுபதில் அவரே முதல்முறை நின்றார், லிபரல் கட்சிக்காக, மூன்றாவதாக வந்தார். பிறகு வந்தது அது.

“எழுபத்திநாலு பிப்ரவரி. கன்சர்வேட்டிவ். ஏழு.”

ஆயிரங்களுக்கும் நூறுகளுக்கும் நடுவில் அந்த ஒற்றை எண் எப்போதும் படியில்லாத இடத்தில் காலை வைத்ததுபோல் விழும். அந்த ஏழு ஓட்டில் தோற்றபின் மூன்று முறை நின்றார். ஒருமுறைகூட அவ்வளவு கிட்டத்தில் வரவில்லை. வீட்டில் யாராவது ஏழு என்ற பேச்சை எடுத்தால் மியூரியல் தேநீர் போட எழுந்துவிடுவாள். தோல்வி அவளுக்கும் வலிக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இன்று அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்து போனால் திரும்பி வரும்போது அவர் இருப்பாரோ என்னவோ.

“எட்வின்.”

“ம்.”

“அந்தத் தேர்தல்ல முத்திரை இல்லன்னு பதினோரு சீட்டு தள்ளுபடி ஆச்சே. எங்க சாவடியில.”

“ஆமா. சாவடி அதிகாரி பெக்வித் கெழவன் பண்ண வேலை.”

“பெக்வித் இல்ல. நான்.”

அவர் கண் திறக்கவில்லை. அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இருபத்துநான்கு வயதில் குழந்தைகள் பள்ளி ஆசிரியை. அன்று ஒருநாள் வாக்குச்சாவடிக் குமாஸ்தா. அந்தக் காலத்தில் ஒவ்வொரு சீட்டையும் கிழித்துக் கொடுக்கும்போது ஓர் இரும்புக் கருவியில் வைத்து அழுத்த வேண்டும். ஓரத்தில் பொடிப்பொடியாகத் துளை விழும். அந்தத் துளைதான் முத்திரை; அது இல்லாத சீட்டு செல்லாது.

“பெக்வித் டீ குடிக்கப் போயிருந்தார். பதிவேடும் என்கிட்ட, மெஷினும் என்கிட்ட. அப்பதான் நீ உள்ள வந்த. வேட்பாளர் வரலாம், ஆனா யார்கிட்டயும் ஓட்டு கேக்கக் கூடாதுன்னு நீயே சொல்லிட்டு, வாய மூடிக்கிட்டு நின்ன. தொப்பியக் கழட்டினியா, மழைத்தண்ணி பூரா பதிவேட்டுல கொட்டிருச்சு. நான் ஸ்கார்ஃபால ஒத்தி எடுத்தேன். நீ மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்கன்னு…” அவள் நிறுத்தினாள். “வரிசை நின்னுட்டே இருந்துச்சு. நான் கிழிச்சேன், குடுத்தேன். குத்தல. நீ வெளிய போனப்புறமும் கொஞ்ச நேரம் குத்தல.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ நாயைக் கதவில் கட்டிவிட்டு உள்ளே போனார்கள்.

எட்வின் கண்ணைத் திறந்தார். “அப்போ பெக்வித் இல்லையா?”

“இல்ல.”

“அடக் கடவுளே. அம்பது வருஷமா அந்தாளத் திட்டிட்டு இருக்கேன். சாவுக்குக்கூடப் போகல.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “சரி. அங்கதான போறேன். நேர்ல மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

“சிரிக்காத. ஏழு ஓட்டு, எட்வின். என் கையில பதினொண்ணு இருந்துச்சு.”

“ஒம்போது எனக்கு. ரெண்டு, ஜெயிச்ச அந்தக் கர்னலுக்கு.”

அவளுக்குப் புரியவில்லை.

“தள்ளுபடி பண்ற சீட்ட வேட்பாளருக்குக் காட்டுவாங்க. நான் ஒவ்வொண்ணாப் பாத்தேன். ஒம்போது, ரெண்டு. கழிச்சுப் பாரு, டீச்சர்.”

முப்பத்தைந்து வருடம் குழந்தைகளுக்குக் கழித்தல் சொல்லிக் கொடுத்தவள், மடியில் விரல்விட்டு எண்ணினாள்.

“சமம்,” என்றாள்.

“சமம். அப்புறம் ரெண்டு பேரையும் எழுதி ஒரு பெட்டியில போட்டு, குலுக்கி எடுப்பாங்க. தேவாலய ராஃபிள் குலுக்கல்ல நான் என்னிக்காவது ஒரு பிஸ்கட் டப்பா ஜெயிச்சிருக்கேனா?”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“எண்ணற எடத்துல பாத்தத வெளிய சொல்லக் கூடாது. சட்டம்.”

“இப்ப சொல்றியே.”

“வந்து பிடிச்சுக்கட்டும்.”

பாரம் இறங்கியிருக்க வேண்டும். ஐம்பது வருடமாக ஒரு பதவியைத் திருடியவளாகத் தன்னை நினைத்திருந்தாள். எடுத்தது பாதி வாய்ப்பு மட்டும்தான். ஆனால் அந்தப் பாரம் நகர்ந்த இடத்தில், அதற்கும் அடியில் கிடந்த ஒன்று மேலே வந்தது.

முடிவை எதிர்த்து மனுப் போட இருபத்தொரு நாள் அவகாசம் இருந்தது. பத்தொன்பதாம் நாள் அவள் நகர நூலகத்துக்குப் போனாள், தன்னை ஜெயிலில் போடுவார்களா என்று பார்க்க. அந்தத் தேர்தல் சட்டப் புத்தகத்தை ஏற்கெனவே ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். நீங்கள் பதிவேட்டைத் துடைத்த பெண்தானே என்று கேட்டார். இருபத்திரண்டாம் நாள் இருவரும் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தார்கள். எட்வின் மனுவைப் போடவே இல்லை. நேரம் போனது தெரியவில்லை என்று பிறகு நண்பர்களிடம் சொன்னார். அதில் வருத்தம் எவ்வளவு, சந்தோஷம் எவ்வளவு என்று அவளால் பிரிக்க முடிந்ததில்லை.

ஹிலரி பிறப்பதற்கு முந்தைய வருடம் இருவரும் லண்டன் போனார்கள். பாராளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தார்கள். கீழே அந்தப் பச்சை இருக்கைகளை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி இவர் என்னை ஒருநாள் பார்க்க மாட்டாரா என்று அன்று தோன்றியது. பிறகு ரயிலில் சாண்ட்விச்சைப் பிரித்து, அவருக்குப் பிடித்த பாதியை அவரிடம் கொடுத்தாள்.

“எட்வின், அந்தப் பெட்டிக்குள்ள கையை விட்டா எந்தப் பேரு வரணும்னு நெனச்சிருப்ப? இப்ப, எல்லாம் தெரிஞ்சப்புறம். நீ பார்லிமெண்ட் போயிருந்தா நூலகத்துக்கு வந்திருக்க மாட்ட.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவள் வலது கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையை மேலே கொண்டுவந்தார். அதன் ஓரத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். மறுபடி அழுத்தினார்.

அன்று விட்டுப்போன முத்திரைகளைத்தான் குத்துகிறார் என்று மூன்றாவது அழுத்தலில்தான் அவளுக்குப் புரிந்தது. கையை அசைக்காமல் வைத்துக்கொண்டாள்.

நான்காவது அழுத்தலோடு அவர் விரல் அங்கேயே நின்றுவிட்டது. தூங்கிவிட்டார். மூச்சு வந்துகொண்டிருந்தது, இடைவெளி விட்டு விட்டு.

நாலு மணிக்கு நார்மன் கிரேவ் வந்தார். ஐந்து தேர்தலிலும் எட்வினின் ஏஜென்ட். சட்டையில் மஞ்சள் ரிப்பன் பூவோடு காலையிலிருந்து எதிரே சாவடி வாசலில் நாற்காலி போட்டு, ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர்களின் வாக்காளர் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தவர்.

“என்னடா, இன்னும் படுத்திருக்கியா? மத்தியானத்துக்குள்ள முந்நூறு பேர் போட்டுட்டாங்க. உன் ஓட்டு எங்கடா?” என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், கட்டிலைப் பார்த்ததும் தொப்பியை எடுத்துவிட்டார். “எப்போலேர்ந்து இப்படி?”

“ரெண்டு மணியிலேர்ந்து. ஓட்டுப் போட்டுட்டான், நார்மன். உறை அதோ. நீ போறப்போ குடுத்துடறியா?”

நார்மன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். “கட்சிக்காரன் அடுத்தவன் தபால் ஓட்டத் தொடக் கூடாது. புதுச் சட்டம். நான் தொட்டா, இவனே எழுந்து என்னப் பிடிச்சுக் குடுத்துருவான்.”

“நான் எப்படி விட்டுட்டுப் போறது?”

“தெருவத் தாண்டணும், அவ்வளவுதான. நான் உக்காந்திருக்கேன். போ மியூரியல். பதினெட்டு தேர்தல்ல ஓட்டுப் போட்டிருக்கான். பத்தொன்பதாவது அலமாரி மேல கெடக்கக் கூடாது.”

அவள் எட்வினின் நெற்றியில் கை வைத்தாள். உறையை எடுத்துக்கொண்டு, மேல்கோட்டுப் போடாமலே கிளம்பினாள்.

பள்ளிக்கூட அறை அதேதான். அதே ஜன்னல், அதே பலகைத் தரை. கண்ணாடி போட்ட ஒரு பெண் பதிவேட்டில் கோடு போட, பக்கத்தில் தலையில் பச்சைச் சாயம் பூசியிருந்த இன்னொரு பெண் சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரும்புக் கருவி இல்லை. இப்போதெல்லாம் முத்திரை அச்சிலேயே வந்துவிடுகிறது.

“தபால் ஓட்டா? ஒரு ஃபாரம் இருக்கு, நெரப்பிக் குடுங்க. உங்களோடதா?”

“என் வீட்டுக்காரரோடது. உடம்பு முடியல.”

படிவத்தை நிரப்பினாள். உறையைப் பையில் போட்டுக்கொண்டார்கள். “அவ்வளவுதான், நீங்க போகலாம்,” என்றாள் கண்ணாடிக்காரி.

மியூரியல் போகவில்லை. அடுத்து வந்தவனுக்கு அந்தப் பெண் சீட்டைக் கிழித்தாள். சரக்கென்ற அந்தச் சத்தம் கேட்டதும் மியூரியலின் வலது கை மேசையின் விளிம்பை ஒருமுறை அழுத்தியது.

ஐந்து.

கைக்குழந்தையோடு ஒருத்தி. ஆறு. ஒரு கணவன், மனைவி. ஏழு, எட்டு. வெள்ளைச் சுண்ணாம்புக் கையோடு ஒரு கொத்தனார். ஒன்பது.

பிறகு யாரும் வரவில்லை. அறை அமைதியாகிவிட்டது. மியூரியல் ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிரே அவள் வீடு, முன்னறை, திறந்த திரை. அதற்குப் பின்னால் நார்மன் எழுந்து நிற்பது தெரிந்தது. கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தார். ஜன்னலுக்கு வந்து இடது பக்கத் திரையை இழுத்தார். வலது பக்கத்தை இழுக்கும் முன் ஒரு நொடி சாவடியைப் பார்த்தார். பிறகு அதையும் இழுத்து மூடினார்.

“மேடம், நாற்காலி போடட்டுமா? யாருக்காவது காத்திருக்கீங்களா?” என்றாள் பச்சைத் தலைக்காரி.

“ஆமாம்மா,” என்றாள் மியூரியல், மேசை விளிம்பிலிருந்து கையை எடுக்காமல். “இன்னும் ரெண்டு பேர்.”

வெளியே யாரோ நாயைக் கதவில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.