மோட்டார் சத்தம்

காலையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்ட பிறகுதான் முனியம்மாள் அடுப்பைப் பற்ற வைப்பாள். அதுவரை அவளுக்கு எந்த வேலையும் ஓடாது. ஒரு மாதமாக இப்படித்தான்.

ஒரகடம் சாலையை ஒட்டி, முன்பு வேர்க்கடலை போட்ட நிலத்தில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தாள். எல்லாம் கம்பெனி வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்கள். பெயர் மனதில் படிவதற்குள் காலி செய்துவிடுவார்கள். கடைசி அறையில் இருந்த சுடலையின் பெயர் மட்டும் படிந்துவிட்டது. கம்பெனி கேண்டீனில் நடந்த கைகலப்பில் அவன் தள்ளிவிட்ட சூப்பர்வைசருக்கு மண்டை உடைந்தது. கோர்ட்டு அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஒரு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கச் சொன்னது. உள்ளூரில் வீடு உள்ள யாராவது ஜாமீன் நிற்க வேண்டும் என்றார்கள். அவனுக்குத் தெரிந்தவர்களில் சொந்த வீடு இருந்தது இவளுக்குத்தான். இவள் போய் நின்றாள்.

வேலை போயிற்று. இந்தப் பக்கமே வந்துவிடாதே என்று தென்காசியிலிருந்து அப்பா போனில் சொல்லிவிட்டார். அறையில் கூட இருந்தவர்களும் வேறு இடம் பார்த்துப் போனார்கள்.

போன மாதம் அவனைப் பார்க்க வந்த நன்னடத்தை அலுவலர் அமலா, திரும்பும்போது முனியம்மாளின் அடுப்படியில் வந்து நின்றாள்.

"இவன் ஓடிப்போயிடுவான்னு எனக்கு பயம் இல்லம்மா. உயிர விட்டுடுவானோன்னுதான் பயம். தெனம் அவனுக்குன்னு ஒரு வேல குடுங்க. மனசுக்கு ஏதாவது பட்டா நேராவே கேட்டுடுங்க, சாகணும்னு தோணுதான்னு."

"அய்யே, இன்னா மேடம் இது! நாமளே எடுத்துக் குடுத்தா மாதிரி ஆயிடாதா?"

"ஆகாதும்மா. கேட்டா சொல்லுவாங்க. ஆமான்னு சொன்னா தனியா விட்டுடாதீங்க. எனக்கு போன் போடுங்க."

அந்தக் கேள்வி முனியம்மாளுக்கு வாயில் வரவில்லை. அதற்குப் பதில் மோட்டாரை அவனிடம் ஒப்படைத்தாள்.

"முட்டி வலிக்குதுடா சுடல. மாடியேறி டேங்க் பாக்க முடில. காலைல மோட்டார் போட்டு, ரொம்புனா நிறுத்திடு. சும்மா படுத்துகினுதான கீற."

"சம்பளம் உண்டாக்கா?"

"டீ உண்டு. போடா."

அவன் சிரித்தான். அதன் பிறகு அவன் சிரித்து அவள் பார்க்கவில்லை.

அன்றும் மோட்டார் ஓடியது. அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். பால் பொங்கியது. டீ ஆறியது. மோட்டார் நிற்கவில்லை. பின்சுவரில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மற்ற பையன்கள் கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

கடைசி அறை திறந்திருந்தது. பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. வாசலில் அறைச் சாவியும் அவனுடைய செல்போனும் இருந்தன. மோட்டார் சுவிட்சைத் தாண்டிப் படியேறி ஓடினாள்.

சுடலை டேங்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். வழிந்த தண்ணீர் அவன் கால்களை நனைத்துக்கொண்டு போனது. அவன் நகரவில்லை.

கரண்டு பில்லை உங்கப்பனா கட்டுறான் என்றுதான் அவள் வாயில் வந்தது. சொல்லாமல் விழுங்கினாள். ஈரத்திலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சுடல. செத்துடலாம்னு தோணுதா?"

சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி போனது.

"ஆமாக்கா."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கே போயிருவோம்னுதான் நெனச்சேன். மோட்டாரப் போட்டாச்சு. ஒங்களுக்கு முட்டி வலிக்கும்லா, யாரு ஏறிப் பாப்பான்னு வந்தேன். அப்படியே உக்காந்துட்டேன்."

முனியம்மாள் இடுப்பிலிருந்த போனை இன்னொரு கையால் எடுத்தாள். எதிர்முனையில் அமலாவின் குரல் வந்தது.

"மேடம், கேட்டுட்டேன்," என்றாள். "நீங்க வாங்க."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த வேண்டுமென்றால் ஒருவர் கீழே போக வேண்டும். தண்ணீர் சுவர் வழியாக இறங்கி, அறைகளுக்குப் பின்னால் மிச்சமிருந்த மண்ணில் பாய்ந்துகொண்டிருந்தது.